அக்காவின் வலது கால்

எங்கள் பக்கத்தில் காற்று அடித்துக் கொடுக்கிற கடைகளுக்குக் குறைவே இல்லை. காற்றை எடுப்பதற்கென்றே இருக்கிற கடை என் மாமாவுடையது ஒன்றுதான். மாமா என்றால் அக்கா புருஷன். கார் பிரேக் மட்டும்தான் பார்ப்பார். இன்ஜின், கிளட்ச் என்று எதைக் கேட்டாலும் "அது நமக்கு வராது" என்று சொல்லிவிடுவார். வராமல் இல்லை, பிடிக்காது. 'காத்துக்கடை' என்று யாரோ பெயரைக் கிளப்பிவிட்டதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து டயருக்குக் காற்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. மாமா வாயைத் திறக்காமல் எதிர்க் கடைக்குக் கை காட்டிவிடுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமாவைப் பற்றி இல்லை. அந்தக் கடையில் பாதி வேலை என் அக்காவின் வலது காலால் நடக்கிறது. இதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் குழாயில் ஆயில் இருக்கிறது. அதற்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் மெத்தை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்றுக் குமிழி வெளியே வரும். திருகை மூடின பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் இதே பாடு. மாமா கீழேயிருந்து "மிதி" என்பார், "பிடி" என்பார். அக்கா "பிடிச்சாச்சு" என்பாள். அப்புறம் "விடு" என்பார். அந்த வீட்டில் ஒரு நாளில் பேசப்படுகிற பேச்சில் முக்கால்வாசி இதுதான்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் தையல்காரி. கல்யாணமான புதிதில் மாமாவிடம் மிதித்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் பெயின்ட் கடைக்குப் போய்விட்டான். "ரெண்டு நாளைக்கு உக்காரு, வேற ஆள் பாக்கறேன்" என்றார் மாமா. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ரெண்டு நாளில் அக்காவுக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஜாக்கி ஏற்றின கார்தான் தெரியும். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து மிதித்துவிட்டுப் போவாள். யார் யார் காரிலோ உட்கார்ந்து பூண்டு உரித்திருக்கிறாள். ஆனால் கால் மட்டும் வேலையில் இருக்கும். "பின்னாடி இடது பக்கம் இன்னும் துளி இருக்கு" என்பாள். "இல்ல, போயிடுச்சு" என்பார் மாமா. திறந்து பார்த்தால் ஒரு குமிழி வரும். மாமா அதைப் பார்த்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொள்வார். தோற்றுப்போனால் அவருக்கு மூக்கு அரிக்கும்.

போன வருஷம் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் காரின் அடியில் இருந்தார், "ம்" என்றார். லைசென்ஸ் வந்ததும் கொண்டுபோய்க் காட்டினாள். "போட்டோ நல்லா இல்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்படி ஒரு மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று நான் கேட்டிருக்கிறேன். "வேற ஒண்ணும் கெட்ட பழக்கம் இல்ல" என்றாள்.

பிறகு மருந்துக்கடைக்காரர் தன் காரை எடுக்க வந்த நாள். வேலை முடிந்த வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மாமா வேறொரு சக்கரத்தைக் கழற்றிப் பாதியில் இருந்தார். மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் இருந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். "நான் ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

மாமா எழுந்து வந்து அவள் கையிலிருந்து சாவியை வாங்கினார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "இவ மிதிக்க மட்டும்தான். ஓட்டறதெல்லாம் நான்தான்" என்று சிரித்தார். வருஷத்துக்கு ஒரு தடவை சிரிக்கிற மனுஷன், அதை அங்கே போய்ச் செலவழித்தார். மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தாராம்.

அக்கா உள்ளே போய் எனக்கு ஃபோன் செய்தாள். "வந்து கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாளைக்குன்னு நெனச்சுக்காத. மொத்தமா வரேன்."

என்ன நடந்தது என்று கேட்டேன், சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரை நான் கேக்கறேன்" என்றேன். "நீ ஒண்ணும் கேக்க வேண்டாம், வண்டிய எடுத்துட்டு வா, போதும்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கிளம்பினேன். அவளுடைய ஊருக்கு என் வீட்டிலிருந்து அரை நாள் ஓட்டம். கொஞ்ச நாள் முன்னால்தான் வழியோரக் கடை ஒன்றில் பிரேக் குழாய் மாற்றியிருந்தேன். பாதி வழியில் பெடல் கீழே கீழே போக ஆரம்பித்தது. இருக்கிற கோபத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற வண்டிக்காரர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள், ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். மாமா பட்டறையிலிருந்து வந்தார். வா என்று கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, குனிந்து, பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். எவர் வந்தாலும் முதலில் வண்டியைத்தான் குசலம் விசாரிப்பார்.

"இந்த வண்டி எங்கயும் போகாது" என்றார்.

"நான் இதுலதான் வந்தேன் மாமா."

"வந்தது உன் அதிர்ஷ்டம். இதுல அவள ஏத்த விட மாட்டேன்."

நாங்கள் பஸ்ஸில் போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "பிரேக்க சரி பண்ணச் சொல்லு. பண்ணின உடனே கெளம்பறோம்" என்று என்னிடம் சொன்னாள். மாமா அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆக, பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு போக வந்த வண்டியைப் புருஷனே ரிப்பேர் செய்ய வேண்டும், போகப்போகிற பெண்டாட்டியே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது சொல்லும்போதுதான் வருகிறது.

அக்கா சீட்டில் உட்கார்ந்தாள். மாமா பின் சக்கரத்தருகே படுத்தார். நான் நடுவில் நின்றேன்.

"மிதிக்கச் சொல்லு" என்றார் மாமா.

"மிதி அக்கா" என்றேன்.

"பிடிச்சாச்சுன்னு சொல்லு" என்றாள் அக்கா.

"பிடிச்சாச்சாம் மாமா."

"விடச் சொல்லு."

அக்காவுக்கு அவர் குரல் நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாய் வழியாக வந்தால்தான் கேட்டதாகக் கணக்கு. இருவருக்கும் நடுவில் நான் தபால்காரன் வேலை பார்த்தேன். சில தபால் தாமதமாகப் போனது. மாமா திருகை மூடுவதற்கு முன்னால் அக்கா காலை எடுத்தாள், அக்கா மிதிப்பதற்கு முன்னால் மாமா திறந்தார். ஒரு சக்கரத்தில் போன காற்றைவிட வந்த காற்று அதிகம் என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஆயில் டப்பாவில் நடந்தது. மிதிக்க மிதிக்க பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் ஆயில் குறையும். அவ்வப்போது பார்த்து ஊற்ற வேண்டும். அது அக்கா பொறுப்பு. எத்தனை மிதிக்கு எவ்வளவு குறையும் என்று அவளுக்குத் தெரியும், தானாகவே இறங்கி ஊற்றுவாள். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. மாமா கேட்கட்டும் என்று இருந்தாள். அவளே ஊற்றியிருப்பாள் என்று மாமா இருந்தார். எனக்கு டப்பா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவது சக்கரத்தில் திருகைத் திறந்தபோது ஆயில் வரவில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. மாமா அடியிலிருந்து வெளியே வந்து பானெட்டுக்குள் பார்த்தார்.

"டப்பா காலி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"தெரியும்" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நான் மிதிக்க மட்டும்தானே."

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். மூக்கைத் தேய்க்கவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அடி வாங்கினவர் மாதிரி இருந்தது. கேட்பதற்கென்று நான் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் கோபம் அப்படித்தான், ஆளைப் பார்த்ததும் பாதியாகிவிடும்.

டப்பா காலியானால் மற்ற வண்டிகளில் திரும்ப ஆயில் ஊற்றி முதலிலிருந்து எடுத்தால் போதும். என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் இறுகிப்போய்ச் சறுக்காமல் இருக்க, அதற்கென்று ஒரு பெட்டி, உள்ளே குட்டிக் குட்டி வால்வுகள், ஒரு பம்பு. சும்மா இருக்கும்போது அதில் சில வழிகள் மூடியே இருக்கும். அதற்குள் காற்று போய் உட்கார்ந்துவிட்டால் எத்தனை மிதித்தாலும் வராது. கம்ப்யூட்டரை மாட்டி அந்தப் பெட்டியை எழுப்ப வேண்டும். மாமாவிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது என் வண்டியை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

மாமா எழுந்து டப்பாவை நிரப்பினார். மறுபடி படுத்தார். "மிதி" என்றார். எனக்கில்லை, அவளுக்கு. அக்கா என்னைப் பார்க்காமல் மிதித்தாள். "பிடிச்சாச்சு." தபால்காரனுக்கு வேலை போனது. நாலு சக்கரமும் ஆனது. பெடல் ஓரளவு நின்றது, ஆனாலும் உள்ளே ஒரு தொளதொளப்பு.

"சக்கரத்துல இல்ல. பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள் அக்கா.

"சரளையில ஓட்டி அடிச்சாத்தான் வரும்" என்றார் மாமா.

பட்டறைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்துகிற இடம் ஒன்று காலியாகக் கிடந்தது. தரையெல்லாம் சரளைக்கல். அங்கே மெதுவாக ஓட்டி அழுத்தி பிரேக் அடித்தால் சக்கரம் சறுக்கப் பார்க்கும், ஏபிஎஸ் தானாக எழுந்து வேலை செய்யும், உள்ளே இருக்கிற காற்று நகர்ந்து குழாய்க்கு வரும். பிறகு திரும்ப வந்து எடுக்க வேண்டும். மாமா கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். அக்கா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இறங்கு" என்றார்.

"எதுக்கு?"

"ஓட்டணும்ல?"

"ஓட்டறேன்."

"சரளை. பிரேக்கும் சரியா இல்ல. வெளையாடாத."

"காத்து போச்சா இல்லையான்னு எந்தக் கால் சொல்லும்? உங்க காலா?"

மாமா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். கடைசியில் அவர் கதவைச் சாத்தினார். முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த சீட்டில் உட்கார்ந்தார். கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். வண்டி என்னுடையது, யாரும் ஏறு என்று சொல்லவில்லை.

அக்கா முதல் தடவை பிரேக் அடித்தபோது கல்லெல்லாம் கரகரவென்று தேய்ந்து வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. ஏபிஎஸ் எழவில்லை.

"பத்தல. மிதியில காரம் வேணும்" என்றார் மாமா.

"தெரியுது. கத்துக்குடுத்த ஆளுக்கு அவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்துது. நான் மிதிக்கறதுக்குள்ள அவரே மிதிச்சுருவாரு. ஓடற வண்டிய நானே நிறுத்தறது இன்னிக்குத்தான்."

இத்தனை வருஷம், இத்தனை ஆயிரம் மிதி, எல்லாம் நின்றிருந்த வண்டியில். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. மாமாவுக்கும் உறைத்திருக்க வேண்டும், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

இரண்டாவது தடவை அவள் அழுத்தினதும் பெடல் கடகடவென்று அவள் காலைத் திருப்பி உதைத்தது. பின் சீட்டில் எனக்கே தெரிந்தது. அப்படி உதைத்தால் எவரும் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அவள் எடுக்கவில்லை. வண்டி நேராக நிற்கிற வரைக்கும் பிடித்திருந்தாள். மறுபடி ஓட்டினாள், மறுபடி அழுத்தினாள். நான் முன் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டேன். எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, பார்த்தால் மாமாவின் கை ஹேண்ட் பிரேக்கில் இல்லை. தன் முழங்கால் மேல் இருந்தது.

"எனக்கு உதைச்சதும் கால் தானா வந்துரும்" என்றார். "ஒனக்கு வரல."

"ம்" என்றாள் அக்கா.

திரும்ப வந்து எடுத்தபோது குமிழி குமிழியாக வந்தது. பிறகு சுத்த ஆயில். அக்கா கடைசியாக ஒரு மிதி மிதித்து, "போச்சு" என்றாள். இறங்கிக் கை கழுவிக்கொண்டு என்னிடம், "கெளம்பலாம்" என்றாள்.

நான் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஒன்றும் தீரவில்லை. துணிப்பெட்டியைத் தூக்கி அவளே டிக்கியில் வைத்தாள். மாமா அதைப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"மருந்துக்கடை வரைக்கும் நானும் வரேன்" என்றார்.

அக்காதான் ஓட்டினாள். மருந்துக்கடை வாசலில் நல்ல கூட்டம். மாமா கிரீஸ் சட்டையோடு போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் கல்லாவில் கை ஊன்றிக்கொண்டு சொன்னது எங்களுக்கு வண்டியிலேயே கேட்டது. "நேத்து உங்க முன்னாடி என் பொண்டாட்டிய மிதிக்க மட்டும்தான்னு சொன்னேன். தப்பு. அவதான் ஓட்டிப் பாக்கணும். என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்."

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி எப்ப சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே. உங்களுக்கு என்ன மாத்திரை வேணும்?"

மாமா திரும்பி வந்து அக்கா பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "அவருக்கு ஞாபகமே இல்லையாம்."

"அவருக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? அவரையா சொன்னீங்க?" என்றாள் அக்கா. "ஊரெல்லாம் போய்ச் சொல்றீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் மருந்தை மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

"அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "மன்னிச்சுரு. நீ போயிட்டா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது."

அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. "மனசு இன்னும் ஆறல" என்றாள். "நாலு நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வரேன்."

"வருவியா?"

"வரேன்னுதானே சொல்றேன். வழிய விடுங்க, வண்டிய எடுக்கணும்."

மாமா நடந்து வீட்டுக்குப் போனார். நான் என் வண்டியில் வழியெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். நடுவில் ஒரு தடவை, "இப்பவாவது நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். "நீ பிரேக்க லேட்டா அடிக்கற" என்றாள். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமாவிடமிருந்து ஃபோன் வந்தது. அந்த மனுஷன் தானாக யாருக்கும் ஃபோன் செய்து நான் பார்த்ததில்லை. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் என் மனைவியும் டிவியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"என்ன, வண்டி ஏதாவது வந்திருக்கா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"மிதிக்க ஆள் வேணுமா?"

"வேல ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்குப் பண்ணினீங்க?"

லைன் போய்விட்டதோ என்று அக்கா ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"சும்மாதான்" என்றார் மாமா. "நீ சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை என்று பிறகு என் மனைவியிடம் சொல்லி அழுதாளாம். ஃபோனில் அவள் அழவில்லை. "இன்னும் இல்ல" என்றாள். "நீங்க?"